கருங்கயத்து மூன்றாம் ஏடு

ஓலையின் புறத்தே, இலச்சினைக்கு அருகில்: இவ்விலச்சினையில் ஒரு சொல் குறைகிறது. அதை நீக்கியது நிரல்நாயகத்தின் சொந்தக் கை. மெய்யான இலச்சினை என்றே கொண்டு பிரிக்க.

அகத்தே, முதல் வரி: கருங்கயச் சிறையில் இருக்கும் நிரல்வாசகி காரிக்கண்ணியை இப்போதே விலங்கு நீக்கி விடுவிக்க, அவள் குற்றமற்றவள், அவள் வாயிலைக் கடந்தாள் என்று காவலர் வந்து சொன்ன பின்பே அடுத்த வரியை வாசிக்க.

இனி வாழ்த்து. முகில்வரையும் சிலம்பாறும் உள்ளளவும் வேந்தர் பெருமான் மாவளத்தாரின் வெண்குடை நிழல் தரட்டும். அவர் பொருட்டுக் கருங்கயக் கூற்றத்தை ஆளும் கண்டீரனாருக்கும், அவருடைய அவைக்கும், அக்கூற்றத்தின் நெல்லுக்கும் கன்றுகாலிக்கும், உயிரோடு எஞ்சிய குடிகளுக்கும் நலம் உண்டாகட்டும். எஞ்சாத குடிகளை முன்னிட்டே இவ்வோலை எழுதப்படுகிறது.

ஐந்து தலைமுறையாக இந்நாட்டின் மடைகளுக்கும் மதில்வாயில்களுக்கும் தீக்குறி மேடைகளுக்கும் வினைநிரல் எழுதிவரும் கோல்வரைக் குடியின் தலைவரும், வேந்தரவையின் நிரல்நாயகமுமாகிய பெருஞ்சேந்தனார், தலைநகர் ஏழெயிலூரிலிருந்து, கண்டீரனாராகிய தங்களுக்கு, தாமே சொல்லி எழுதுவித்த ஓலை இது. நாயகத்துக்கு உரிய மற்ற ஆறு பட்டங்களும் அவர் விருப்பப்படி இங்கே எழுதப்படவில்லை. இது மூன்றாம் படி. முந்தைய இரண்டு படிகளும் எரிக்கப்பட்டன. வேறு படி எதுவும் தங்கள் கைக்கு வந்தால் அது செல்லாது.

இதன் நகல் ஒன்று நிரற்பள்ளியில் புதிதாகச் சேர்வோருக்கு முதல் நாளன்று வாசிக்கப்பட வேண்டும். ஆதலால் தாங்கள் அறிந்தவற்றையும் நாயகம் விளக்கிச் செல்கிறார், பொறுத்தருள்க.

வினைநிரல் என்பது அறிவுரை அன்று; புராணமும் அன்று. மடைமேடையில் இருவர் நிற்பர். ஒருவர் ஒரு வரியை உரக்க வாசிப்பார். மற்றவர் அதைச் செய்வார். செய்து முடித்த பின்பே அடுத்த வரி. வரியில் உள்ளதைச் செய்வோம், இல்லாததைச் செய்யோம் என்று இருவரும் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லின் மேல் கை வைத்து ஆணையிட்டவர்கள். ஒரு வரியை விட்டாலோ முன்பின்னாக்கினாலோ கை வெட்டப்படும் என்ற சட்டத்தை வேந்தர்களிடம் கேட்டுப் பெற்றதும் கோல்வரைக் குடியே. எழுதியவர் என்ன நினைத்தார் என்பது மடைமேடை வரை போவதில்லை. என்ன எழுதினார் என்பது மட்டுமே போகிறது. இதைப் பெருஞ்சேந்தனார் அறுபத்தைந்து வயது வரை பிறருக்குச் சொல்லிக்கொடுத்தார். தாம் அறிந்துகொண்டது சென்ற திங்களில்தான்.

கருங்கய ஏரிக்கு நிரல் எழுதியவர் நாயகத்தின் பாட்டனார். அது பன்னிரண்டு ஏடுகளில் முடிந்த நிரல். மூன்றாம் ஏட்டில், நீர் அளவுக்கல்லின் ஒன்பதாம் கீற்றைத் தொட்டால் தென்மடையை முழுவதும் திற என்று இருந்தது. அது எழுதப்பட்ட நாளில் தென்வாய்க்காலில் நாணலும் நரியும் அல்லாமல் வேறு எதுவும் இல்லை. அந்த நாளுக்கு அது சரியான வரி.

முப்பத்தோராண்டுகளுக்கு முன், வறண்டு கிடந்த அந்த வாய்க்காலின் படுகையை வேந்தர் நெசவாளர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தார். தறிச்சேரி எழுந்தது. நிரலை மாற்றும்படி அரசாணை வந்தது. அப்போது முப்பத்து நான்கு வயதான பெருஞ்சேந்தனார் அந்தப் பணியை ஏற்றார். தறிச்சேரியை அவர் போய்ப் பார்க்கவில்லை. அங்கே எத்தனை வீடு, எத்தனை குழந்தை, தாழ்ந்த பக்கம் எது என்று எவரையும் கேட்கவில்லை. அரசாணையில் இருந்த இரண்டு வரியைப் படித்தார். அதுவே போதும் என்று எண்ணினார்.

மூன்றாம் ஏட்டை மாற்றியிருந்தால் அரை நாழிகை வேலை. ஆனால் கோல்வரைக் குடியில் ஒரு வழக்கம் உண்டு. முன்னோர் எழுதிய வரியை இக்குடியினர் சுரண்டுவதில்லை. மாற்றம் வேண்டுமானால் புதிய ஏடு எழுதிச் சுவடியின் கடைசியில் கோப்பார்கள். பாட்டனாரின் பன்னிரண்டு ஏடுகள் அப்படித்தான் அதற்குள் முப்பத்தேழு ஆகியிருந்தன. நாயகம் முப்பத்தெட்டாவதைக் கோத்தார்: தென்மடை திறக்கப்படலாகாது; அதற்கு மாறாக வடமடையைத் திறக்க. எழுத்து அழகாக இருந்தது. அவையோர் புகழ்ந்தனர். பாட்டனாரின் கையெழுத்துக்கும் குறை வரவில்லை.

அவையில் சுவடியை முழுவதும் படித்துவிட்டுப் பேசுவார்கள். அவர்களுக்கு மூன்றாம் ஏடும் முப்பத்தெட்டாம் ஏடும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். மடைமேடையில் அப்படி இல்லை. அங்கே மூன்றாம் ஏடு வாசிக்கப்பட்ட கணத்தில் மடை திறந்துவிடும். திறக்கலாகாது என்ற சொல், முப்பத்து நான்கு ஏடுகளின் வேலையும் முடிந்த பிறகுதான் வரும். முப்பத்தோராண்டு நீர் ஒன்பதாம் கீற்றைத் தொடவில்லை. அதனால் பிழை இல்லை என்று எல்லோரும் எண்ணினார்கள். பிழை அங்கேயே உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தது.

இதை ஒருத்தி கண்டுபிடித்தாள். நான்காண்டுகளுக்கு முன் கருங்கயத்தில் நிரல்வாசகியாகப் பொறுப்பேற்ற காரிக்கண்ணி, கோடையில் மடை உலர்ந்து கிடக்கையில் சுவடியைத் தானே முதலிலிருந்து வாசித்துப் பார்த்து நாயகத்துக்கு ஓலை எழுதினாள். அந்த ஓலை இப்போது நாயகத்தின் முன்னால் இருக்கிறது. அவள் எழுதியது இது: மூன்றாம் ஏடு திற என்கிறது, முப்பத்தெட்டு திறக்காதே என்கிறது, எங்கள் கை மூன்றை முதலில் எட்டுகிறது. தலைநகரத்தார் வீட்டில் சோறு உண்டு முடித்த பிறகுதான் அதில் நஞ்சு இருக்கிறது, உண்ணாதே என்று ஓலை வரும் போலும் என்று மடைதிறப்பான் அந்துவன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரி வற்றியிருக்கும் இப்போதே ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க உத்தரவு தரவேண்டும்.

நாயகத்துக்கு அன்று வந்த சினம் இன்றும் அவருக்கு நினைவிருக்கிறது. கோல்வரைக் குடியின் நிரலுக்கு வெள்ளோட்டமா? கன்னமிடும் கள்வனிடம் கோயில் கதவைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது போல் இருந்தது அவருக்கு. சுவடி சுமப்பவள் சுவடி எழுதப் புறப்பட்டாளோ என்று தொடங்கி, முதல் ஏட்டிலிருந்து வரிசையாக வாசிக்க, எதையும் விடாதே, எதையும் முந்தாதே, பொருளைக் கேட்பவள் ஏட்டைத் தொடத் தகாதவள் என்று மறுமொழி அனுப்பினார். அதை மடைமேடைத் தூணில் எல்லோரும் காண அறைந்து வைக்கவும் உத்தரவிட்டார். அடியில் இலச்சினை இருந்தது. இலச்சினையில் ஐந்து தலைமுறையாக இருந்துவரும் அந்த ஒரு சொல்லும் இருந்தது: பிழையிலி.

சென்ற மாரியில், நண்பகலுக்குச் சற்று முன், நீர் ஒன்பதாம் கீற்றைத் தொட்டது.

நடந்ததை அவையில் காரிக்கண்ணி சொன்னாள். மூன்றாம் ஏட்டை வாசிக்கும் முன் அவள் தூணைப் பார்த்தாளாம். அந்துவனும் பார்த்தானாம். வாசி அம்மணி, யோசிக்கிற வேலையைத்தான் தூணில் அறைந்துவிட்டார்களே என்றானாம். அவள் வாசித்தாள். அவன் உருளையைச் சுற்றினான். தென்மடை முழுவதும் திறந்தது. பிறகு இருவரும் முப்பத்தெட்டாம் ஏட்டை எட்ட ஓடினார்கள். இடையில் இருந்த ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு வேலை இருந்தது. சங்கு ஊது. கரையை மூன்று இடத்தில் கோலால் குத்திப் பார். தீக்குறி மேடைக்குச் சென்று கொடி ஏற்று. அந்தக் கொடியை இறக்கு என்ற வேறொரு காலத்து ஏட்டுக்காக மறுபடியும் மேடைக்குச் செல். எதையும் விடவில்லை, எதையும் முந்தவில்லை. மழையில் வழுக்கி விழுந்து எழுந்து, முப்பத்து நான்கு ஏடுகளையும் செய்து முடித்து, தென்மடை திறக்கப்படலாகாது என்று அவள் உரக்க வாசித்தபோது தறிச்சேரியின் கூரைகள் நீரில் மிதந்துகொண்டிருந்தன.

திறந்ததை மூடும் வகை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. திறக்கலாகாத மடை திறந்திருக்கும் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. இருவரும் நிரலை மீறி உருளையில் தொங்கினார்கள். அந்துவனின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. நீரின் விசையில் மடைப்பலகை அசையவில்லை. தறிச்சேரியில் மாண்டவர் நூற்று நாற்பத்தாறு பேர். தறிக்குழியில் கால் வைத்தபடியே சிலர் கிடந்தார்கள் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நாயகம் பலமுறை படித்தார்.

வேந்தரவை கூடியது. நிரலில் பிழை உண்டா என்று நாயகம் வினவப்பட்டார். அவர் எழுந்து நின்று, முப்பத்தெட்டாம் ஏட்டைப் படித்துக் காட்டினார். திறக்கலாகாது என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது திறந்தவர்கள் யார் என்பதை அவையே காணட்டும் என்றார். ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு ஏட்டின் கடைசிப் பக்கம் தொலைவு போலும் என்று ஒருவர் சொல்ல, சிலர் நகைத்தனர். நாயகம் அந்த நகைப்பைத் தடுக்கவில்லை. இந்நிரல் பற்றி முன்பு எவரும் ஐயம் எழுப்பியது உண்டா என்று வேந்தர் கேட்டார். கேட்கத் தகுந்தவர் எவரும் கேட்டதில்லை என்று நாயகம் விடை சொன்னார். அது பொய். அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் பொய் போலத் தெரியவில்லை. அப்போது காரிக்கண்ணி தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். அவளிடம் காட்டச் சான்று இல்லை. தூணில் அறைந்த மறுமொழியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

இருவருக்கும் கொலைத்தண்டனை விதிக்கப்பட்டது. முதலில் அந்துவன், ஏழு நாள் கழித்துக் காரிக்கண்ணி, இருவரும் கருங்கயத்துக் கரையிலேயே.

குடியின் பெயர் காப்பாற்றப்பட்டது. நாயகம் வீடு திரும்பினார். மூன்று நாள் அவர் உண்ணவில்லை என்று வீட்டார் சொல்வதை எழுத வேண்டாம் என்றார். எழுதுபவர் அதை விடவில்லை. நான்காம் நாள் காலை, தம் நிரலில் பிழை இல்லை என்பதைத் தமக்கே காட்டும் பொருட்டு, முற்றத்து மணலில் கருங்கயத்தைக் கோலால் வரைந்தார். தொட்டி நீரை ஏரியாக்கினார். பனைமட்டைத் துண்டுகளை மடைகளாக நட்டார். தென்வாய்க்காலில், தறிச்சேரி இருந்த இடத்தில், வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் தம் பாதக்குறடுகளை வைத்தார். வீட்டு மேலாளை வாசிக்கவும், சமையற்காரியைச் செய்யவும் பணித்தார். இருவரும் நிரல் அறியாதவர்கள். மேலாள் மூன்றாம் ஏட்டை வாசித்தார். சமையற்காரி மட்டையைப் பிடுங்கினாள். குறடுகள் நீரில் புரண்டு முற்றத்தின் மூலைக்குப் போயின.

இவர்கள் தவறாகச் செய்தார்கள் என்று நாயகம் ஆளை மாற்றினார். மறுபடியும் குறடுகள் போயின. மெல்ல வாசிக்கச் சொன்னார். போயின. கடைசியில் தாமே வாசித்து, தாமே மட்டையைப் பிடுங்கினார். நான்கு முறை தறிச்சேரி முழுகியது. சமையற்காரி நனைந்த குறடுகளைத் துடைத்துக் கொடுத்தபடி, ஐயா, இந்தக் கடைசி ஏட்டை முதலில் வைத்தால் ஆகாதா என்று கேட்டாள். அடுப்படியிலிருந்து வந்தவள் ஒரு காலையில் கண்டது அது. நான்காண்டுகளுக்கு முன் எழுதிக் கேட்டவளின் ஓலையைப் பேழையிலிருந்து எடுக்க நாயகத்துக்கு அன்று மாலை வரை துணிவு வரவில்லை.

அவர் தங்களுக்கு முதல் ஓலை எழுதினார். அது நான்கு ஏடுகள். வேந்தரின் மெய்ப்புகழ் ஒன்றரை ஏடு. கோல்வரையாரின் குடிவழி ஒரு ஏடு. நாயகத்தின் ஏழு பட்டங்களும் அவற்றை அளித்த வேந்தர்களும் ஒரு ஏடு. பிழை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. சில காரணங்களை முன்னிட்டு இரு தண்டனைகளையும் ஒத்திவைப்பது நலம் என்று மட்டும் இறுதியில், ஓலை முறைப்படி, எழுதியிருந்தார். குதிரையாள் உயிரைக் கொடுத்து ஓட்டினான். அந்துவனுக்குக் குறித்திருந்த நாளின் காலையிலேயே ஓலை தங்கள் அவையை அடைந்தது.

அரச ஓலை வாசிக்கப்படும்போது இலச்சினைச் சொல் வரும் வரை எவரும் இருக்கையை விட்டு அசையலாகாது, ஆள் அனுப்பலாகாது என்பது முறை. தாங்கள் அம்முறையைக் காத்தீர்கள். வாசிப்பவர் மெய்ப்புகழை முடித்து, குடிவழியை முடித்து, நாயகத்தின் ஐந்தாம் பட்டத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கரையில் கொலைப்பறை அதிர்ந்து ஓய்ந்தது என்று தங்கள் மறுமொழி தெரிவிக்கிறது. அந்த மறுமொழியில் நிந்தை எதுவும் இல்லை. உரிய மரியாதையோடு தாங்கள் ஒன்றே எழுதியிருந்தீர்கள்: தங்கள் ஓலையின் கட்டளை நான்காம் ஏட்டின் கடைசி வரியில் இருந்தது.

கருங்கயத்தில் செய்த பிழையையே நாயகம் மறுபடியும் செய்தார். இம்முறை மாண்டவர் ஒருவர். அந்துவன் விடைபெறும்போது காரிக்கண்ணியின் சிறைக்கதவருகே நின்று, அம்மணி, அடுத்த ஏட்டில் நமக்கு நல்லது ஏதாவது எழுதியிருக்கும், வாசித்துப் பார் என்று சிரித்தான் என்பதையும் தாங்கள் தெரிவித்தீர்கள்.

காரிக்கண்ணியின் தண்டனை அவ்வோலையால் நின்றது; ஆனால் காரணம் காட்டாத ஒத்திவைப்பு அமாவாசை வரையே செல்லும் என்பது சட்டம். அது நாளை மறுநாள். ஆதலால் காரணம் இதோ: கருங்கய நிரல் பிழையுடையது. அப்பிழையை எழுதியவர் பெருஞ்சேந்தனார். அதைச் சுட்டிக்காட்டிய ஓலையை மறைத்தவரும், அவையில் பொய் சொன்னவரும் அவரே. வாசித்தவளும் திறந்தவனும் எழுதியதையே செய்தார்கள். இதற்கு நாயகம் இரக்கம் கேட்கவில்லை. கோல்வரைக் குடியார் கைகூப்பி இரந்ததில்லை. இனியும் இரப்பதாக இல்லை. வேந்தர் தரும் தண்டனையை நின்று ஏற்பார். இவ்வோலையோடு காரிக்கண்ணியின் பழைய ஓலையும் சான்றாக வருகிறது.

பள்ளிக்கு நாயகம் விடுக்கும் கட்டளைகள் சில. பாடமாக வைத்து மனப்பாடம் செய்வதற்காக அல்ல, செய்வதற்காக. நிரல் எழுதுமுன் அது யாருடைய கூரையைத் தொடும் என்று நேரில் போய்ப் பார்க்க. அங்கிருப்பவரிடம் என்ன வேண்டும், என்ன நேரக்கூடாது என்று கேட்டு எழுதி, அவர் சரியென்ற பின்பே எழுத்தாணியை எடுக்க. பிழையான வரி எவர் எழுதியதாயினும் அந்த இடத்திலேயே சுரண்டித் திருத்தி, எப்போது, ஏன் திருத்தினோம் என்று ஓரத்தில் குறிக்க. புதிய படி போனவுடன் பழைய படியைத் திரும்பப் பெற்று எரிக்க. ஒரு ஏட்டில் ஒரு வேலை இருக்கட்டும். மடையின் நிரலுக்குள் கொடியின் நிரலை நுழைக்க வேண்டாம். திற என்று எழுதும் கை, திறந்தது தவறானால் மூடும் வகையையும் அப்போதே எழுதட்டும். எழுதியவர் தம் நிரலைத் தாமே நல்லதென்று சொல்வது செல்லாது. வேறு குடியார் ஒருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும். அதற்குச் சினம் கொள்பவர் இத்தொழிலுக்கு ஆகார். வெள்ளோட்டம் இல்லாமல் எந்த நிரலும் மடைமேடை ஏறலாகாது. ஏரி வற்றிய நாளிலும், கீற்றுக்கு ஒரு விரல் கீழேயும், கீற்றிலேயும், அதற்கு மேலேயும் என்று வைத்துப் பார்க்க வேண்டும். மடையில் நிற்பவர் ஐயம் எழுப்பினால் அதற்கு எண் இட்டு, விடை தரும் வரை மூடாது வைக்க. கையை வெட்டும் சட்டத்தை நீக்கும்படி வேந்தரிடம் நாயகம் விண்ணப்பித்துள்ளார்.

இவ்வோலைக்கும் வெள்ளோட்டம் விடப்பட்டது. முதல் படியை அரண்மனை வாயிலில் உப்பு விற்பவர் ஒருவரிடம் கொடுத்து, இப்போது என்ன செய்வீர் என்று நாயகம் கேட்டார். எழுந்து நின்று கும்பிடுவேன் என்றார் அவர். அது எரிக்கப்பட்டது. இரண்டாம் படியைப் படித்துவிட்டு, யாரையோ விட வேண்டுமாம், எந்தச் சிறையில் என்றார். அதுவும் எரிக்கப்பட்டது. மூன்றாம் படியின் முதல் வரியைப் படித்ததும் அவர் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, மீதியைப் பிறகு படிக்கிறேன், முதலில் அந்தப் பெண்ணைப் போய் விடச் சொல்லுங்கள் ஐயா என்றார். அதுவே தங்கள் கையில் இருப்பது.

கருங்கயச் சுவடியின் மூன்றாம் ஏட்டில், பாட்டனாரின் வரியைக் காரிக்கண்ணி தன் கையால் சுரண்ட, அவள் விரும்பினால். விரும்பாவிட்டால் நாயகமே வந்து, மடைமேடையில், கூற்றத்தார் முன்னிலையில் அதைச் செய்வார். நாயகத்தை மன்னிக்கும்படி அவளிடம் எவரும் சொல்ல வேண்டாம்.

இலச்சினையில் இருந்த சொல்லை இன்று காலை நாயகம் உளியால் சுரண்டினார். கோல்வரைக் குடியில் முன்னோரின் எழுத்து சுரண்டப்பட்டது இதுவே முதல் முறை. உலோகம் கடினமாக இருந்தது. உளி வழுக்கியதால் வடு நேராக அமையவில்லை. இனி அந்த வடுவோடுதான் இக்குடியின் ஓலைகள் வரும்.

இவை பெருஞ்சேந்தனார் சொற்கள். இவ்வண்ணம் அறிக.

இக்கடைசி வரியில் கட்டளை எதுவும் இல்லை. செய்ய வேண்டியது முதல் வரியில் இருந்தது, அது இதற்குள் செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.